ஆறு மணிக்கு ஃபால்-இன்

தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பொட்டல் மைதானம் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அங்கே வரிசையாக நின்ற ஆண்களுக்கு நடுவில் நானும் போய் நின்றேன். கஞ்சி போட்ட காட்டன் சேலை, கையில் குடை, தோளில் பள்ளிக்கூடத்துப் பை.

வரிசையில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. ஏனோ யாரும் நெருங்கி நின்று அதை அடைத்திருக்கவில்லை. அந்த இடத்தில்தான் நான் நின்றேன்.

எதிரே சுபேதார் மாசிலாமணி. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தும் காக்கி நிக்கரை விடாதவர். கக்கத்தில் பிரம்பு. என்னைப் பார்த்ததும் அவர் மீசை ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறியது.

"டீச்சர், இது லேடீஸ் நிக்கிற எடம் இல்லை."

"தெரியும் சார். இங்க நிக்க வேண்டியவர் ஆஸ்பத்திரியில கெடக்கறார். அதான் நான் வந்திருக்கேன்."

வரிசையில் யாரோ இருமினார்கள். லாரி ஓட்டும் கோவிந்தனாகத்தான் இருக்கும். அவனுக்குச் சிரிப்பு வந்தால் இருமுவான்.

இந்த ஆண்கள் யார், மாலை நேரத்தில் மைதானத்தில் அவர்களுக்கு என்ன வேலை, நான் ஏன் குடையோடு போய் மல்லுக்கு நின்றேன் என்பதைச் சொல்லாமல் மேலே போனால் வாசகர்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். "பள்ளிக்கூடம், மாமியார் எல்லாரையும் எழுதியாச்சு, வீட்டுக்காரரை மட்டும் ஏன் ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று எங்கள் தெருவிலேயே ஒருத்தி கேட்டுவிட்டாள். ஒளித்து வைக்கவில்லை. வாயைத் திறந்தால் மூடமாட்டேன் என்றுதான் இந்தத் தொடரில் இத்தனை வாரம் பொறுத்திருந்தேன்.

ஊருக்கே விரதம்

அறுபதுகளில் மாநிலம் முழுக்க மதுவிலக்கு. கடையில் ஒரு சொட்டு வாங்க முடியாது. ஊருக்கே விரதம், எங்கள் வீட்டில் மட்டும் தினமும் திருவிழா.

என் கணவர் ராணுவத்தில் நாயக், சுபேதாருக்குக் கீழே உள்ள பதவி. சீனச் சண்டை முடிந்து சில வருடங்களில் பென்ஷனோடு வீடு வந்து சேர்ந்தார். கல்யாணமான புதிதில் வாசனையே தெரியாத மனிதர். குடியைக் கற்றுக்கொண்டது மேலே, பனிமலையில்.

அங்கே இருட்டத் தொடங்கும்போது ரோல் கால் இருக்குமாம். பெயரைக் கூப்பிடுவார்கள், "ஆஜர்" சொல்ல வேண்டும். அது முடிந்ததும் வரிசையாகப் போய் எனாமல் மக்கில் ரம் வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்து மாதிரி அளந்துதான் ஊற்றுவார்களாம். குளிருக்காகக் கொடுத்தது. பக்கத்தில் நின்றவன் முந்தின நாள் செத்துப்போயிருந்தால் அதற்கும் அதே மருந்துதான்.

தாம்பரத்தில் ஏது பனி? சித்திரை வெயிலில் தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொள்ளும் ஊர் இது. ஆனால் சாயங்காலம் ஆறு மணி ஆனால் அவருக்கு உள்ளங்கை வேர்க்கும். பேச்சு பாதியில் நிற்கும். கண் கடிகாரத்துக்குப் போகும்.

சர்வீஸில் இருந்த சிநேகிதர்கள் கொடுக்கும் ரம் தீர்ந்துவிட்டால் இஞ்சி டிங்சர். அஜீரணத்துக்கு விற்கும் மருந்துதான். அதைப் பாட்டில் பாட்டிலாக வாங்கி சோடாவில் கலந்து குடிப்பார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் மேஜைக்குப் பூசுகிற வார்னிஷ். இதை எழுதும்போதே எனக்கு நாக்கு கசக்கிறது.

காலையில் அவரைப் போல ஒரு நல்லவர் கிடையாது. என் சேலைக்கு இஸ்திரி போட்டுக் கொடுப்பார். மகளுக்கு இரட்டைப் பின்னல் போடுவார். வகிடு ஸ்கேல் வைத்த மாதிரி இருக்கும். போதகர் முன்னால் வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியமும் செய்தார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். எங்கள் வீட்டில் அது விடியும் வரைகூடத் தாங்காது, அன்றைக்குச் சாயங்காலமே போய்விடும்.

இஞ்சி போடாத டீ

பக்கத்துத் தெருவில் இன்னொரு முன்னாள் சிப்பாய் இருந்தார். வார்னிஷ் குடித்து முதலில் கண் போயிற்று, பிறகு ஆளே போய்விட்டார். அடக்கத்துக்குப் போன என் கணவர் வந்து சொன்ன கதை இது.

குழியை மூடி எல்லாரும் கலையப்போன நேரத்தில் சுபேதார் மாசிலாமணி திடீரென்று "ஃபால்-இன்!" என்று கத்தினாராம். அங்கே இருந்த பட்டாளத்துக்காரர்கள் அத்தனை பேரும், காலையிலேயே போட்டுவிட்டு வந்தவர்கள் உட்பட, ஓடிவந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். பழக்கம் அப்படி.

"நாளைலேர்ந்து டெய்லி ஆறு மணிக்கு மைதானத்துல ரோல் கால். வராதவன் என் மூஞ்சில முழிக்க வேண்டாம்."

பிரசங்கம் அவ்வளவுதான். சுபேதார் மனைவியை இழந்தவர், ஏரிக்கரைப் பக்கம் தனியாக இருந்தார். என் கணவரும் கோவிந்தனும் அவர் கீழே வேலை பார்த்தவர்கள். எந்த நேரத்தில் உடம்பு ரம்மைத் தேடுகிறதோ அந்த நேரத்தில் அதைக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. பெயர் கூப்பிடுவார், கொஞ்சம் டிரில் வாங்குவார், பிறகு அதே எனாமல் மக்குகளில் எல்லாருக்கும் டீ. நன்றாக இருட்டும் வரை உட்கார்ந்து பேசிவிட்டுக் கலைவார்கள்.

டீ போடுவது வீட்டுப் பெண்கள் எங்கள் வேலை, வீட்டுக்கு ஒரு நாள் முறை. ஒரு மழை நாளில் சளிக்கு இதமாக இருக்கட்டும் என்று நான் இஞ்சி தட்டிப் போட்டுவிட்டேன். கோவிந்தன் மக்கை மூக்குக்குக் கொண்டுபோனவன் அப்படியே தள்ளி வைத்துவிட்டான்.

"இன்னா டீச்சரம்மா, கவுத்துட்டீங்களே! இந்த வாசனைக்கே உள்ளாற ஒருத்தன் முழிச்சிக்கினான்."

அன்றோடு எங்கள் டீயில் இஞ்சி நின்றது. ஏலக்காய்தான்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், என் கணவர் குடிப்பதை நிறுத்திவிட்டார். அந்த வருடக் கிறிஸ்துமஸும் அதற்கு அடுத்ததும் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸாகவே நடந்தன. கல்கல் பலகாரம் சுட்டு ஒரு தூக்கு நிறைய சுபேதாருக்குக் கொடுத்தனுப்பினேன். அப்போது அவர் எனக்கு அப்போஸ்தலர் மாதிரி.

கடை திறந்தது

எழுபதுகள் பிறந்து கொஞ்ச நாளில் அரசாங்கம் மதுவிலக்கைத் தளர்த்தியது. ஊரின் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே கடை வந்தது. வாசலில் மாவிலைத் தோரணம் வேறு. அதுவரை சந்துகளில் பதுங்கிப் பதுங்கிப் போனவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்கள்.

என் கணவர் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி அந்தக் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். தினமும் தாண்டி வந்தார். ஒரு நாள் தாண்டவில்லை.

மறுநாள் முகச் சவரம் செய்து, இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனார். யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே போய், "நேத்து குடிச்சிட்டேன் சார்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் நின்றார்.

சுபேதார் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். கோவிந்தனுக்கு அடுத்து என் கணவர் பெயர் வர வேண்டும். அதை விட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார். முடித்ததும், "நாயக், உன் பேரு அடிச்சாச்சு. நீ போலாம்" என்றார். பட்டாளத்தில் ஓடிப்போனவனுக்குத்தான் அப்படிச் செய்வார்களாம்.

அவர் வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றி மூலையில் வைத்தார். அதற்குப் பிறகு குடித்த குடிக்குக் காலை மாலை என்ற வித்தியாசமே இல்லை. கண் மஞ்சளாயிற்று. ஒரு நாள் வேட்டியெல்லாம் ரத்தமாக வாந்தி எடுத்தார். கோவிந்தன்தான் லாரியில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொரு தடவை குடிச்சா என்னால காப்பாத்த முடியாதும்மா. அதுக்கும் முன்னாடி அவர் சாப்பிடணும். சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டு எதுவும் வேணாம்கறார்."

நான் போய் உட்கார்ந்தேன். கஞ்சியை நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை. கடைசியில் சுவரைப் பார்த்தபடியே ஒன்றே ஒன்று கேட்டார்.

"நேத்து ரோல் கால்ல என் பேரைக் கூப்பிட்டாங்களா?"

பெற்ற மகளைப் பற்றிக் கேட்கவில்லை. கட்டினவள் சாப்பிட்டாளா என்று கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்குத் தலையணையை எடுத்து ஒரு போடு போட்டிருப்பேன். வராந்தாவில் வந்து நின்று அழுதேன். அழுது முடித்தபோதுதான் ஒன்று தோன்றியது: இந்த மனிதருக்கு இந்த உலகத்தில் இன்னும் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. அது என் கையில் இல்லை, மாசிலாமணி வாயில் இருக்கிறது. குடையை எடுத்துக்கொண்டு நேராக மைதானத்துக்கு நடந்தேன்.

நான் கூப்பிட்ட பெயர்

இப்போது வரிசைக்கு வருகிறேன். இது லேடீஸ் நிற்கிற இடம் இல்லை என்றவர், நான் நகரமாட்டேன் என்று தெரிந்ததும் என்னைக் கண்ணால் பார்க்காத மாதிரி ரோல் காலை ஆரம்பித்தார். ஒவ்வொருவராக "ஆஜர் சார்" சொன்னார்கள். கோவிந்தனும் சொன்னான். அடுத்து, நான் நின்ற இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து நான் என் கணவர் பெயரை வாயால் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் படித்தவளானாலும் அப்படித்தான். ஆபீஸ்களில் யாராவது கேட்டால் எழுதிக் காட்டுவேன். எங்கள் சர்ச்சில் மணி அடிப்பவருக்கும் அதே பெயர் என்பதால் அவரைக்கூட "மணிக்காரர்" என்றுதான் சொல்வேன். அன்றைக்கு, பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை அதட்டும் அதே குரலில் கத்தினேன்.

"நாயக் ஞானமுத்து! சிக் இன் ஹாஸ்பிடல், சார்!"

சுபேதார் நின்றுவிட்டார். நோயாளியாக ஆஸ்பத்திரியில் இருப்பவனுக்காக வரிசையில் ஒருவர் அப்படித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று என் கணவர் எனக்குச் சொல்லியிருந்தார்.

"அவன் சிக் இல்லை டீச்சர். தப்புப் பண்ணவன். ரெண்டும் வேற."

"மலேரியா வந்தா என்ன சார் பண்ணுவீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். அது கொசு கடிச்சு வர்றது. இவனை யார் கடிச்சா? தானாப் போய்க் குடிச்சான்."

பக்கத்திலிருந்து கோவிந்தன் பேசினான். வரிசையில் நிற்கும்போது பேசுவதே குற்றம்.

"சார், மன்னிச்சிக்கோங்க. கொசுவலை கட்டாத தூங்கித்தான் எனுக்குக் காச்சல் வந்துச்சி. என் தப்புதான். சார்ஜ் போட்டீங்க, தண்டனையும் குட்த்தீங்க. ஆனா அதுக்கு மின்னாடி என்னைத் தோள்ல போட்டுகினு ஆஸ்பத்திரிக்கு நடந்தது யாரு சார்? நீங்கதான? நான் படுத்துகினு இருந்த வரிக்கும் டெய்லி என் பேரைக் கூப்ட்டீங்களாமே, பசங்க சொன்னாங்க."

சுபேதார் பிரம்பை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினார். தண்டவாளத்தில் ஒரு ரயில் வந்து, கடந்து போனது.

"பேசினது போதும்" என்றார். பிறகு முதல் பெயரிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். "நாயக் ஞானமுத்து" என்று அவர் சொன்னதும், நான் வாயைத் திறப்பதற்குள் வரிசை மொத்தமும் கத்தியது.

"சிக் இன் ஹாஸ்பிடல், சார்!"

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். அவர் காதோரம் குனிந்து, "உங்க பேரைக் கூப்பிட்டாங்க" என்றேன். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"யார் பதில் சொன்னா?"

"எல்லாரும்."

"எல்லாரும் சொல்லக் கூடாதே. ஒருத்தன்தான் சொல்லணும்" என்றார். அதற்குப் பிறகு, கஞ்சி இருக்கிறதா என்று கேட்டார்.

ஒரு பெயர் பாக்கி

அன்றிலிருந்து மைதானத்தில் புதுச் சட்டம். குடித்தவன் மறைக்க வேண்டாம். வரிசைக்கு வந்து "ஆஜர்" என்பதற்குப் பதிலாக "சிக்" என்று சொன்னால் போதும். ஏன், எதற்கு என்ற கேள்வி கிடையாது. இரண்டு பேர் அவனை டாக்டரிடமோ வீட்டுக்கோ கூட்டிப்போய்ப் பக்கத்தில் இருப்பார்கள். முதல் வாரத்திலேயே அங்கங்கே "சிக்" கேட்டது. இத்தனை நாள் வாசனை தெரியாமலிருக்கக் கிராம்பைக் கடித்துக்கொண்டு "ஆஜர்" சொன்னவர்கள்தான்.

என் கணவர் பாதி ஆளாக இளைத்துத் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றார்.

மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு நாள் என்னுடைய டீ முறை. தூக்கோடு மைதானத்து ஓரத்தில் காத்திருந்தேன். எல்லாரும் "ஆஜர்" சொல்லியாயிற்று. சுபேதார் "டிஸ்மிஸ்" என்று கலையச் சொல்லவில்லை. நிமிர்ந்து நின்றபடியே இருந்தார். பெயர் கூப்பிடுகிறவர் தன் பெயரைக் கூப்பிட்டுக்கொள்வதில்லை. அன்றைக்குக் கூப்பிட்டார்.

"சுபேதார் மாசிலாமணி."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவரே பதிலும் சொன்னார்.

"சிக்."

எல்லாரையும் கலைத்துவிட்டு ஏரிக்கரை வீட்டுக்குப் போய், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, தனியாகக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார், அத்தனை காலமும். "உங்க வீட்டுக்காரன் நேரா வந்து சொன்னான் டீச்சர். எனக்கு அந்தத் தைரியம் வரலை. அதான் அவன் பேரைக் கூப்பிட வாயும் வரலை" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

வரிசை அப்படியே நின்றது. சுபேதார் குடித்தால் என்ன செய்வது என்பதற்கு அவர்களுக்கு உத்தரவு கிடையாது. உத்தரவு இல்லாமலே என் கணவர் முன்னால் போனார். சுபேதாரின் கக்கத்திலிருந்த பிரம்பை எடுத்துத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வாங்க சார், போலாம்" என்றார். அதே டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். மருந்து கொடுத்தார், தனியாக விடக்கூடாது என்றார். சுபேதாரை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம்.

அந்த மனிதரை நான் எத்தனை சாபம் விட்டிருப்பேன்! அன்றைக்குத் தேடிப் பார்த்தேன், மனசில் ஒன்றுகூட இல்லை. என் கணவர் அதற்குப் பிறகு கண்ணை மூடும் வரை ஒரு சொட்டுத் தொடவில்லை. மகளின் கல்யாணத்தில் அவர் எல்லாரோடும் நெருங்கி நின்று பேசினார்; வாசனை வருமோ என்ற பயமே எனக்கு இல்லை. இதற்காக நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லும்போதெல்லாம் சுபேதார், கோவிந்தன், அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித்தான் முடிக்கிறேன். இப்போது எனக்குப் பெயர் சொல்லக் கூச்சமில்லை.

சுபேதார் வந்த மறுநாள் சாயங்காலத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மகளின் கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். நான் கிண்ணத்தில் கஞ்சியோடு போனேன். ஜன்னலுக்கு வெளியே மைதானம். ஆறு மணி. பெயர்களைக் கூப்பிடும் குரல் கேட்டது; என் கணவருடையது. முதலில் கூப்பிட்டதே "சுபேதார் மாசிலாமணி!"

அவர் கம்பளியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வெறுங்காலை ஒன்றாகச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி விறைப்பாக நின்றார். வெளியே யாரோ பதில் சொல்வதற்குள், ஒரு நாயக்கைப் பார்த்து ஒரு சுபேதார் சொல்லக் கூடாத வார்த்தையைச் சேர்த்துச் சொன்னார்.

"சிக், சார்."

அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. நான் பார்க்காத மாதிரி, "உக்காருங்க சார், கஞ்சி ஆறுது" என்றேன்.

"இருங்க டீச்சர்" என்றார். "இன்னும் டிஸ்மிஸ் சொல்லலை."

வெளியே பெயர்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவை முடியும் வரை, கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நானும் அவர் பக்கத்தில் நின்றேன்.